ரெட் டாட் சைட்: புள்ளி அணைந்தால், மினுங்கினால், நகர்ந்தால் எங்கே பார்ப்பது

துப்பாக்கியில் குறிபார்க்க ஒளிப்புள்ளியைக் காட்டும் ரெட் டாட் சைட் பழுதாகிவிட்டது என்று சொல்லப்படும் பெரும்பாலான சமயங்களில் பழுது சைட்டின் உள்ளே இருப்பதில்லை. விளக்காக எரியும் எல்.இ.டி.யும் அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சிறு மின்சுற்றும் அசையும் பாகம் இல்லாதவை. அவை செயலிழப்பதற்கு வெகு முன்பே அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. பேட்டரி தகட்டைத் தொடும் இடம், ஸ்குரூ சைட்டையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பிடிக்கும் இடம், கண்ணாடி சட்டத்தில் ஒட்டியிருக்கும் இடம், ரப்பர் வளையம் நீரைத் தடுக்கும் இடம் ஆகிய நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போனால், சைட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டிய தேவை பல நேரங்களில் எழாது.

கருவியின் அடிப்படை எளிது. பின்பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. முன்கண்ணாடியை நோக்கி ஒளி வீசுகிறது. அந்தக் கண்ணாடியின் வளைவும் அதன் மேலுள்ள பூச்சும் சிவப்பு ஒளியை மட்டும் இணைகதிர்களாகத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஒளியை எதிரொளித்துக் குறிபார்க்கும் இந்த யோசனையை அயர்லாந்தின் ஹோவர்ட் கிரப் 1900இலேயே முன்வைத்தார்; பேட்டரியில் இயங்கும் வடிவத்தை ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது; அமெரிக்க ராணுவம் 1997இல் அதே நிறுவனத்தின் சைட்டை எம்68 என்ற பெயரில் தன் ரைஃபிள்களுக்குத் தேர்ந்தெடுத்தது. ரைஃபிளில் சைட் அசையாத உடல்மேல் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டலில் அது முன்பின் நகரும் மேற்பாகமான ஸ்லைடின் மேலேயே ஏறி, ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் பாய்ந்து, மோதி நின்று, மறுபடி முன்னால் வந்து மோதுகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் பிஸ்டலில்தான் முதலில் தலைகாட்டும். ஒலிம்பிக் முறைப் பிஸ்டல் போட்டிகளில் கண்ணாடியும் விளக்கும் இல்லாத திறந்த சைட்டுக்கு மட்டுமே அனுமதி என்பதால் இங்குள்ள ரைஃபிள் கிளப்புகளில் பழகியவர்களுக்கு இந்தக் கருவி அவ்வளவு பழக்கமானதாக இராது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கப் பயன்பாட்டிலிருந்து வருவதற்கு அதுவே காரணம்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் தோட்டாக்களை அடுக்கும் மேகஸினைக் கழற்றி, தோட்டா வெடிக்கும் அறையான சேம்பரைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் காலி என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. அடுத்த விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பேட்டரியையும் ஸ்குரூவையும் சைட்டுக்கு அடியில் வைக்கும் பிளேட்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் பழுது நீங்கியதைக் கண்டு மகிழ்பவருக்கு, அது திரும்பி வரும்போது எங்கே பார்ப்பதென்று தெரியாது.

புள்ளி தெரியவே இல்லை

முதலில் சைட்டைக் கையால் மூடி நிழலாக்கி, அல்லது இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரவுநோக்கிக் கருவியுடன் பயன்படுத்துவதற்கென மிக மங்கலான சில ஒளிநிலைகள் பல சைட்டுகளில் உண்டு. வெறும் கண்ணுக்கு அவை இருட்டிலும் தெரியாது. பொத்தான் எதிலோ அழுந்திப் புள்ளி அந்த நிலைக்கு இறங்கியிருந்தால், நன்றாக வேலை செய்யும் சைட் செத்ததுபோலத் தோன்றும். ஒளியைக் கூட்டும் பொத்தானை விடாமல் பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். அசைவில்லாத நேரத்தில் தானே அணைந்து, கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும் வசதி உள்ள சைட் என்றால், அதைக் குலுக்கிப் பார்ப்பதும் இதே கட்டத்தில் செய்ய வேண்டியதுதான்.

பிறகு பேட்டரி. புதிய சி.ஆர்.2032 நாணய பேட்டரி ஒன்று மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். லித்தியம் நாணய பேட்டரியின் மின்னழுத்தம் தன் ஆயுளின் பெரும்பகுதியில் ஏறக்குறைய சமமாகவே நின்று, இறுதியில் சட்டென்று சரியும் இயல்புடையது. ஆகவே வெறும் மீட்டர் முள்ளை நம்பி ‘பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்ட முடியாது. 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் தூக்கிப்போடலாம். 3 காட்டினாலும் உறை பிரிக்காத புதியதொன்றைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. சிறு பிள்ளைகள் விழுங்கிவிடாமல் இருக்கச் சில நிறுவனங்கள் நாணய பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைக் கெடுக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு முகங்களையும் துடைத்துவிட்டுப் போட வேண்டும், அல்லது பூச்சில்லாத பேட்டரியை வாங்க வேண்டும்.

தலைகீழாகப் போட்ட பேட்டரியைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை. கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று கையேட்டில் பார்த்துக்கொண்டால் போதும்.

சுடும்போது மட்டும் புள்ளி அணைந்து எரிகிறது

மேசைமேல் சீராக எரியும் புள்ளி சுட்டதும் ஒரு கணம் மறைந்து திரும்பினாலோ, ஒளிநிலை தானாக மாறினாலோ, பேட்டரிக்கும் தொடுதகட்டுக்கும் இடையே இடைவெளி விழுகிறது என்று பொருள். ஸ்லைடு திடீரென்று நிற்கும்போது பேட்டரி தன் வேகத்தில் தொடர்ந்து நகரப் பார்க்கிறது; அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மெல்லிய உலோக நாக்கு களைத்துப் படுத்திருந்தால், மின்தொடர்பு ஒரு நொடியின் சிறு பங்குக்கு அறுந்துபோகும். டிரிஜிகான் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆர்.எம்.ஆர். சைட்டைப் பிஸ்டல் ஸ்லைடில் பொருத்தியவர்கள் சந்தித்த புகழ்பெற்ற கோளாறு இதுவே. 2017இல் வந்த இரண்டாம் வகையில் தொடுதகடுகளையும் உள் மின்னமைப்பையும் வலுப்படுத்தியே அந்நிறுவனம் இதைத் தீர்த்தது. பழைய வகையை வைத்திருப்பவருக்கு மினுங்கல் வந்தால் அது வியப்பல்ல.

சோதனை எளிது. காலியான பிஸ்டலின் ஸ்லைடை முழுதும் பின்னால் இழுத்துச் சட்டென்று விட்டு, அந்தக் கணத்தில் புள்ளியைக் கவனியுங்கள். பிறகு சைட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் நாலைந்து முறை தட்டிப் பாருங்கள். இரண்டிலும் மினுங்கல் தெரிந்தால் சைட்டைக் கழற்றிப் பேட்டரி அறையைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பேட்டரியின் முகத்தில் தொடுநாக்கு உரசிய தடம் தெரியும். ஒரே இடத்தில் பளிச்சென்ற சிறு புள்ளியாக இருந்தால் தொடுப்பு உறுதியானது; அரைவட்டக் கீறலாக இழுபட்டிருந்தால் பேட்டரி அறைக்குள் நகர்ந்திருக்கிறது; தடம் கருத்திருந்தால் தொடுப்பு விட்டுவிட்டு நடந்து அங்கே பொறி பறந்திருக்கிறது. நாக்கின் நுனியை மரக்குச்சியால் மிக மெதுவாக, மயிரிழை அளவு மட்டும் மேலே தூக்கிவிடலாம். உலோக ஸ்குரூடிரைவரால் நெம்பினால் நாக்கு மடிந்துபோகும். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

பேட்டரியின் அளவும் இங்கே குற்றவாளியாக இருக்கலாம். சி.ஆர்.2032 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், அடுத்த இரண்டு தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. அதே விட்டமுள்ள சி.ஆர்.2025 அறைக்குள் அழகாக உட்கார்ந்து, மேசைமேல் விளக்கையும் எரியவைக்கும், தடிமனில் 0.7 மில்லிமீட்டர் குறைவதால் முதல் சில தோட்டாக்களிலேயே மினுங்கத் தொடங்கும். அவசரத்தில் கடையில் கிடைத்ததைப் போட்டவர்கள் சைட்டைக் குறைசொல்வதற்கு முன் பேட்டரியின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்ப்பது நல்லது. காகிதத் துண்டை மடித்து அடியில் வைத்து இறுக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் பட்டதும் காகிதம் நசுங்கி, முன்பிருந்ததைவிடப் பெரிய இடைவெளியைத் தரும்.

பேட்டரி அறை பக்கவாட்டில் திருகுமூடியுடன் இருக்கும் வகைகளில், மூடி முழுதும் இறுகியிருக்கிறதா, மூடியின் உள்ளே உள்ள ஸ்பிரிங் வளைந்திருக்கிறதா, ரப்பர் வளையம் புரையில் சரியாக அமராமல் மூடியை முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஜீரோ நிற்கவில்லை

குறிவைத்த இடமும் தோட்டா படும் இடமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்த பின் (இதுவே ஜீரோ செய்வது), சில நாளில் தோட்டாக்கள் ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கினால், சந்தேகிக்க வேண்டிய வரிசை இது: சுடுபவர், தோட்டா, சைட்டைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுன்ட், அதன் பிறகே சைட். தோட்டாவின் வகையையோ எடையையோ மாற்றினாலே படும் இடம் மாறும் என்பதால், ஜீரோ செய்த அதே வகைத் தோட்டாவை வைத்து, பெஞ்சில் துப்பாக்கியைத் தாங்குமானத்தில் வைத்துச் சுட்டுப் பார்க்காமல் சைட்டின் சரிசெய் திருகாணியைத் தொடக் கூடாது. ஒரு எம்.ஓ.ஏ. (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர், 25 மீட்டரில் 7 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அளவு. 25 மீட்டரில் ஒரு விரற்கடை விலகலைக் கண்டு திருகத் தொடங்குபவர் பெரும்பாலும் தன் கைநடுக்கத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பார்.

மவுன்ட்டைச் சோதிக்க ஒரு தோட்டாவும் தேவையில்லை. துப்பாக்கியை மெத்தையிட்ட வைஸில் அசையாமல் பிடித்து, எதிர்ச்சுவரில் ஒட்டிய சிறு அடையாளத்தின்மேல் புள்ளி நிற்கும்படி திருப்பிவையுங்கள். தலையை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, சைட்டின் மேற்பகுதியைப் பெருவிரலால் இடமும் வலமும் அழுத்தமாகத் தள்ளி விடுங்கள். தள்ளும்போது புள்ளி சற்று விலகி, விட்டதும் அடையாளத்துக்கே திரும்பினால் பெரிய குறையில்லை. விட்ட பிறகும் விலகிய இடத்திலேயே நின்றால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. சைட்டும் பிளேட்டும் சேரும் கோட்டில் ஒரு நகத்தையும், பிளேட்டும் ஸ்லைடும் சேரும் கோட்டில் இன்னொரு நகத்தையும் வைத்து மீண்டும் தள்ளினால், இரண்டு அடுக்குகளில் எது அசைகிறதென்று கண்ணுக்குத் தெரியாத அசைவும் நகத்துக்குத் தெரிந்துவிடும். கிளாக் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த எம்.ஓ.எஸ். முறை போல, பல வகை சைட்டுகளுக்குப் பொதுவாக இடைப்பிளேட் வைக்கும் அமைப்புகளில் இந்த இரண்டு அடுக்குச் சோதனை அவசியம். சைட்டின் ஸ்குரூக்களை மட்டும் மீண்டும் மீண்டும் இறுக்கிக்கொண்டிருப்பவர், அடியில் பிளேட்டின் ஸ்குரூ கழன்றிருப்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்.

தளர்வு எங்கே என்று தெரிந்தால், கழற்றி முறையாக மறுபடி பொருத்துவதே வழி. ஸ்குரூவின் மரையையும் ஓட்டையின் உட்புறத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய் ஒட்டிய மரையில் எந்தப் பசையும் பிடிக்காது என்ற எளிய காரணத்தால்தான் ‘லாக்டைட் போட்டும் கழன்றுவிட்டது’ என்ற புலம்பல் அடிக்கடி கேட்கிறது. பிறகு நீலநிற லாக்டைட்டை மரையின் நடுப்பகுதியில் ஒரு சிறு துளி மட்டும் வைத்து, இரண்டு ஸ்குரூக்களையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு நிறுத்த வேண்டும். ஆர்.எம்.ஆர். சைட்டுக்கு டிரிஜிகான் சொல்வது 12 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 நியூட்டன் மீட்டர். இது பலரும் நினைப்பதைவிடக் குறைவான விசை. கைக்கு வந்தபடி இறுக்கினால் சிறிய ஸ்குரூ நீண்டு, பார்வைக்கு நன்றாக இருந்தபடியே தன் பிடிப்பை இழந்து, ஒருநாள் தலை தனியாக உடைந்து வரும். சிவப்பு லாக்டைட் வேண்டாம். அதை இளக்கத் தேவைப்படும் சூடு மின்சுற்றுக்கும் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசைக்கும் ஆகாது. பசை முழுதும் உறைய ஒரு நாள் விட்டுவிட்டு, அதன் பிறகே சுட வேண்டும். பொருத்திய அன்றே சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டவர்களின் ஸ்குரூவே முதலில் கழல்கிறது.

உதைப்பின் சுமையை ஸ்குரூக்கள் தாங்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்லைடிலோ பிளேட்டிலோ நிற்கும் குமிழ்கள் சைட்டின் அடிக்குழிகளுக்குள் இறுக்கமாக அமர்ந்து, முன்பின் விசையைத் தாங்க வேண்டும்; ஸ்குரூவின் வேலை சைட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது மட்டுமே. குமிழுக்கும் குழிக்கும் இடையே ஆட்டம் இருந்தால், எத்தனை முறை இறுக்கினாலும் ஒவ்வொரு வெடிப்பும் ஸ்குரூவை வெட்டுக்கத்திபோல அறுத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பிளேட்டை மாற்றுவதுதான் சிக்கனம்.

ரைஃபிளில் குறுக்குக் காடிகள் வெட்டிய உலோகப் பட்டையான பிக்கட்டினி ரயிலின்மேல் மவுன்ட்டை வைக்கும்போது, அதைக் குழல்முனை நோக்கி முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். சுடும்போது ரைஃபிள் பின்னால் போக, சைட் தன் இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால், ரயிலைப் பொறுத்தவரை அது முன்னால் நகர முயல்கிறது; குறுக்குக்கட்டை முன்பே காடியின் முன்சுவரில் முட்டி நின்றால் நகர இடம் இராது. இதைச் செய்யாமல் இறுக்கிய மவுன்ட், முதல் சில தோட்டாக்களில் தானே முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜீரோ போனதற்கு அதுவே முழுக் காரணமாக இருக்கும்.

எல்லாம் இறுகிய பின், ஒவ்வொரு ஸ்குரூத் தலையிலிருந்தும் சைட்டின் உடல்வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு இழுத்துவிடுங்கள். ஸ்குரூ கால்வட்டம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பேனா, பல ஆயிரம் ரூபாய்க் கருவியைத் தினமும் காவல் காக்கிறது. கண்ணாடியில்லாத இரும்பு சைட்டும் துப்பாக்கியில் இருந்தால் இன்னொரு காவலும் கிடைக்கும்: ஜீரோ செய்த அன்று, இரும்பு சைட்டை நேராக்கிப் பார்க்கும்போது புள்ளி முன்முனையின் எந்தப் பக்கம் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உறவு மாறினால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது என்பது சுடாமலே தெரியும்.

இத்தனைக்கும் பிறகும் விலகல் தொடர்ந்தால்தான் சைட்டின் சரிசெய் திருகாணிகளைச் சந்தேகிக்க வேண்டும். 25 மீட்டரில் மூன்று தோட்டா சுட்டு, மேலே 10 எம்.ஓ.ஏ. திருப்பி மூன்று, பிறகு வலம், கீழ், இடம் என்று ஒரே அளவில் சுற்றி வந்தால், தோட்டாக் குழுக்கள் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரமாக விழுந்து, கடைசிக் குழு முதல் குழுவின்மேலேயே வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றாலோ, திருகியும் புள்ளி அசையாமல் இரண்டு தோட்டா சுட்ட பின் திடீரென்று குதித்தாலோ, உள்ளே ஸ்பிரிங்கோ திருகாணியோ போய்விட்டது. திருகாணி முழுதும் ஓடி முடிந்தும் ஜீரோவை எட்டவில்லை என்றால், குற்றம் கோணலாக வெட்டப்பட்ட ஸ்லைடிலோ பிளேட்டிலோ இருக்கிறது; சைட்டை மாற்றிப் பயனில்லை.

லேசரால் முப்பரிமாண வடிவத்தைக் காட்டும் ஹாலோகிராஃபிக் சைட் வேறு இனம் என்றாலும் ஒரு செய்தியை இங்கே நினைவில் வைக்கலாம். கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் குறி விலகுவதை முன்பே அறிந்தும் தெரிவிக்காமல் விற்றதாக எழுந்த வழக்கில், அப்போது எல்-3 குழுமத்தைச் சேர்ந்திருந்த ஈஓடெக், 2015 நவம்பரில் அமெரிக்க அரசுக்கு 2 கோடியே 56 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. வெப்பநிலை மாறும்போதெல்லாம் ஜீரோ ஒரே திசையில் போய் வந்தால், அது ஸ்குரூவால் தீரும் நோயல்ல.

சைட் பொருத்திய பிறகு பிஸ்டலே தகராறு செய்கிறது

இந்த அறிகுறியைச் சைட்டோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர் குறைவு. நேற்றுவரை ஒழுங்காக வெற்றுறையை வெளியேற்றிய பிஸ்டல், சைட் பொருத்திய மறுநாள் முதல் உறையைச் சேம்பரிலேயே விட்டுவைத்தால், வலப்பக்க ஸ்குரூவின் நீளத்தைப் பாருங்கள். கிளாக் ஸ்லைடில், உறையைப் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் கம்பி ஓடும் குழாய் வலப்புறத்தில், பிளேட் ஸ்குரூ இறங்கும் இடத்துக்கு நேர் கீழே போகிறது. ஸ்குரூ அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் அதன் நுனி அந்தக் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டரை விரலால் வெளிப்பக்கம் தள்ளிவிட்டால் அது துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஸ்குரூ நுனி பதித்த சிறு வட்டத் தழும்பு அதில் இருக்கும். அந்தப் பிளேட்டுக்கென்று வந்த ஸ்குரூவைத் தவிர வேறெதையும் போடக் கூடாது என்று கையேடுகள் சொல்வது வியாபாரத்துக்காக அல்ல. மறுதிசையில், ஸ்குரூ மிகக் குட்டையாக இருந்து மரையில் நான்கைந்து சுற்று மட்டுமே பிடித்திருந்தால், அது கழலுமுன் மரையையே உரித்துக்கொண்டு வரும்.

புள்ளி வட்டமாக இல்லை

புள்ளி நட்சத்திரம் போலச் சிதறியோ, வால் முளைத்தோ, இரண்டாகவோ தெரிந்தால், சைட்டைத் திருப்பி அனுப்புமுன் தலையைச் சாய்த்துப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் இருக்க, உங்கள் தலை சாயும்போது வாலும் கூடவே சாய்ந்தால் வால் உங்கள் கண்ணில் இருக்கிறது. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத அஸ்டிக்மாட்டிசம் என்ற குறையே அது. தலையை நேராக வைத்துச் சைட்டைச் சுழற்றும்போது வாலும் சுழன்றால் குறை சைட்டினுடையது. கைபேசிக் கேமராவைச் சைட்டின் பின்னால் பிடித்துப் படம் எடுத்தாலும் ஓரளவு விடை கிடைக்கும்: படத்தில் புள்ளி உருண்டையாக விழுந்தால் கண் மருத்துவரைப் பார்ப்பதே சரி. ஊசியால் துளையிட்ட அட்டை வழியே பார்க்கும்போது புள்ளி சுருங்கி வட்டமாவதும் கண்ணின் குறைக்கே அடையாளம்.

கண்ணின் குறைதான் என்றால், ஒளியைக் குறைப்பது உடனடியாகக் கைகொடுக்கும். பலர் தேவைக்கு மேல் இரண்டு மூன்று நிலை கூட்டிவைத்துக்கொண்டே சிதறலைப் பற்றிக் குறைப்படுகிறார்கள். பச்சைப் புள்ளி சிலருக்குக் கூர்மையாகத் தெரிகிறது. கண்ணாடியிலேயே குறியீடு செதுக்கப்பட்ட பிரிசம் சைட்டை ரைஃபிளுக்குத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. அதில் கண்ணுக்கேற்பக் குவியத்தைத் திருத்தவும் முடியும்.

சைட்டின் குறை என்றால், பெரும்பாலும் அது எல்.இ.டி.யின் சின்னஞ்சிறு சன்னலில் ஒட்டிய எண்ணெயோ நூலிழையோதான். ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒரே ஒற்றலில் எடுத்துவிடலாம், தேய்க்கக் கூடாது.

வெளிச்சத்தில் புள்ளி கரைந்துபோகிறது

ஒளிநிலையைத் தானே முடிவுசெய்யும் சைட்டுகளில் இது கோளாறே அல்ல, அமைப்பின் எல்லை. இருண்ட அறைக்குள் நின்றுகொண்டு வெயில் காயும் முற்றத்தைக் குறிபார்த்தால், சைட் தன்னைச் சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் எடுத்துப் புள்ளியை மங்கலாக்கும். முற்றத்தின் வெளிச்சத்தில் அது காணாமல் போகும். துப்பாக்கியில் பொருத்திய டார்ச் விளக்கை இருட்டில் போடும்போதும் இதே கதை. கையால் ஒளிநிலை வைக்கும் வசதி இருந்தால் தானியங்கியை அணைத்துவிடுவதே என் பரிந்துரை.

பேட்டரியே இல்லாமல் ஒளியிழையாலும் கதிரியக்க வாயுவான டிரிடியத்தாலும் ஒளிரும் சைட்டுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. பன்னிரண்டு ஆண்டு பழைய சைட் இருட்டில் பாதி வெளிச்சம்தான் தரும், இருபத்தைந்து ஆண்டு ஆனால் கால்வாசி. பழைய கையிருப்பை மலிவாக வாங்குபவர் உடலில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் மூடுபனி, மழைத்துளி, மண்

மூடுபனி எந்தப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி. விரலால் துடைத்ததும் போனால் அது வெளிப்பக்கம்: குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குக் கொண்டுவந்த எந்தக் கண்ணாடியும் செய்வதுதான். துப்பாக்கியைச் சிறிது நேரம் முன்னதாக வெளியே எடுத்துவைத்தால் தீரும். மூடுபனி தடுக்கும் லென்ஸ் திரவமும் உதவும். துடைத்தும் போகாமல் உள்ளே தங்கினால், நைட்ரஜன் நிரப்பி மூடப்பட்ட அறையின் அடைப்பு உடைந்துவிட்டது. ஹேர்டிரையரால் சூடுகாட்டி ஈரத்தை விரட்டலாம் என்று முயல்பவர்கள் மிஞ்சியிருந்த பசையையும் இளக்கிவிடுகிறார்கள். அது தொழிற்சாலை வேலை.

பேட்டரி அறைக்குள் மட்டும் நீர் புகுந்திருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆர்.எம்.ஆர். போல அடிப்பக்கத்தில் பேட்டரி இருக்கும் சைட்டில், அறையின் கதவாக இருப்பதே மவுன்ட்டின் மேற்பரப்புதான். அந்தப் பரப்பு சமதளமாக இல்லாவிட்டால், அல்லது அதில் ஓட்டையோ காடியோ இருந்தால், ரப்பர் வளையம் அழுந்த இடமின்றி நீர் உள்ளே போகும். 20 மீட்டர் ஆழத்துக்கு உத்தரவாதம் பெற்ற சைட் ஒரு மழைக்கே தோற்றுப்போவது இதனால்தான். நடுவே வைக்க வேண்டிய மெல்லிய அடைப்புத் தகடு அதற்கென்றே விற்கப்படுகிறது.

எல்.இ.டி. வெளியே தெரியும்படி திறந்திருக்கும் வகைகளில், ஒரே ஒரு மழைத்துளி அதன்மேல் உட்கார்ந்தால் புள்ளி பூதாகாரமாகச் சிதறும். சேறு அடைத்தால் புள்ளியே இராது. ஊதி, குலுக்கி, துணிமுனையால் ஒற்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தக் குறையை ஒழிக்கத்தான் எய்ம்பாயின்ட் 2019இல் இரு பக்கமும் கண்ணாடியிட்டு மூடிய ஆக்ரோ என்ற பிஸ்டல் சைட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். மழையிலும் புழுதியிலும் பணியாற்றுபவருக்கு மூடிய வகையே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை; மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போகிறவருக்குத் திறந்த வகை போதும்.

முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் சேறோ கரியோ மூடினால் பதற வேண்டாம். இரு கண்ணையும் திறந்துவைத்திருந்தால், ஒரு கண் புள்ளியையும் மற்றது இலக்கையும் பார்க்க, மூளை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும். டிரிஜிகானை நிறுவிய கிளின் பிண்டன் பெயரால் வழங்கும் இந்த முறை கிட்டத் தொலைவுக்குப் போதுமானது. தொலைவு கூடக்கூட, இரு கண்களின் நோக்கு ஆளுக்கு ஆள் சற்று விலகுவதால் தோட்டா ஒதுங்கும்.

கரியைத் துடைக்கக் குழல் சுத்தம் செய்யும் கரைப்பானை எடுக்காதீர்கள். பூச்சு உரிந்த கண்ணாடி புள்ளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது.

கீழே விழுந்துவிட்டது

துப்பாக்கியைக் காலிசெய்து, முதலில் சட்டத்தின் மேல்விளிம்பைப் பாருங்கள். ஆர்.எம்.ஆர். சைட்டின் தலையில் இரு காதுகள் போல உயர்ந்திருக்கும் வடிவம் அழகுக்காக அமைந்ததல்ல. விழும் அடியைக் கண்ணாடிக்கு நேரே இறங்கவிடாமல் பக்கச்சுவர்களுக்குத் திருப்பிவிடுவதற்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நடுவில் நசுங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும், மூலையில் கீறியிருந்தால் பெரிதாக வேண்டாம். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டி, அது சட்டத்திலிருந்து எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விழுந்த கண்ணாடியும் மிஞ்சிய பகுதியில் புள்ளியைக் காட்டும். அன்றைய வேலையை முடிக்க அது போதும். ஆனால் கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் புள்ளியின் திசை மாறும் என்பதால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஜீரோவைச் சுட்டுப் பார்க்காமல் அந்தச் சைட்டை நம்பக் கூடாது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

எய்ம்பாயின்ட்டின் மைக்ரோ டி-2 போன்றவற்றுக்குச் சொல்லப்படும் 50,000 மணி நேரம், இடைப்பட்ட ஒளிநிலையில் வைத்து அளந்தது. ஐந்தரை ஆண்டுக்கு மேல் வரும். உச்ச ஒளியில் விட்டுவைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. துப்பாக்கியை இடுப்புறையில் வைக்கும்போது பொத்தான் அழுந்தி ஒளி ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். பொத்தானைப் பூட்டும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அசைவால் விழித்துக்கொள்ளும் சைட்டை வாகனத்தில் வைத்திருந்தால், ஓட்டத்தின் அதிர்விலேயே அது நாள் முழுதும் விழித்திருக்கும். டபுள்-ஏ பேட்டரி போடும் ரைஃபிள் சைட்டுகளில், கடுங்குளிரில் ஆல்கலைன் சோர்ந்துவிடும். லித்தியம் வகையே தாங்கும். ஆல்கலைனை மாதக்கணக்கில் உள்ளே விட்டுவைத்தால் கசிந்து தொடுதகட்டை அரிப்பதும் உண்டு. எந்த ஆயுள் கணக்கையும் நம்பாமல், ஆண்டுக்கு ஒரு குறித்த நாளில் பேட்டரியை மாற்றிவிடுவதே பணிக்குத் துப்பாக்கி ஏந்துபவர்களின் வழக்கம். அடிப்பக்கப் பேட்டரி என்றால் மாற்றும்போது சைட்டையே கழற்ற வேண்டியிருப்பதால், அதே நாளில் ஸ்குரூவையும் லாக்டைட்டையும் புதுப்பித்து, ஜீரோவையும் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுப்பியே ஆக வேண்டியவை

புதிய பேட்டரியும் சுத்தமான தொடுதகடும் இருந்தும் எரியாத விளக்கு, உள்ளே தங்கிய ஈரம், சட்டத்திலிருந்து விலகிய கண்ணாடி, திருகியும் நகராத புள்ளி ஆகிய நான்கையும் வீட்டில் திறந்து பார்க்க முயலாதீர்கள். திறந்த மாத்திரத்தில் நைட்ரஜனும் போகும், உத்தரவாதமும் போகும். அனுப்பும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்தத் துப்பாக்கியில் எந்தப் பிளேட்டின்மேல் எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது, கோளாறு சுடும்போது மட்டும் வந்ததா, குளிரிலா வெயிலிலா, எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ‘சில நேரம் வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியோடு வரும் சைட் பணிமேசையில் ஒழுங்காக எரிந்து, அப்படியே உங்களிடம் திரும்பி வந்துவிடும்.